தேர்வில் பேனாவா, பென்சிலா? தாளைப் படிப்பது யார் என்று முதலில் பாருங்கள்

தேர்வுக்கு முதல் நாள் இரவு. படித்தது போதும் என்று பையை அடுக்கத் தொடங்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "நாளைக்குப் பேனாவா, பென்சிலா?"

அம்மா பேனா என்பார். அக்கா, "பென்சில்தான் நல்லது, தப்பு வந்தா அழிச்சிடலாம்" என்பார். வகுப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

உங்களுக்கு எது பிடிக்கும் என்பதைவிட, நீங்கள் எழுதும் தாளை யார் படிக்கப் போகிறார் என்பதுதான் இங்கு முக்கியம். சில தாள்களை மனிதர் படிக்கிறார். சில தாள்களை இயந்திரம் படிக்கிறது. இரண்டுக்கும் தேவைப்படுவது வேறு வேறு.

சுருக்கமான பதில் என்ன?

• சொற்களாகவோ எண்களாகவோ எழுதும் விடை என்றால் கருநீலப் பேனா அல்லது கறுப்புப் பேனா.
• வரைபடம், படம் என்றால் எச்பி பென்சில்.
• தெரிவுவிடை வினாக்களுக்கான ஓஏஎஸ் தாள் என்றால் 2பி பென்சில்.
• தாளின் முதல் பக்கத்தில் வேறு குறிப்பு இருந்தால், அந்தக் குறிப்புதான் இறுதி.

அவ்வளவுதான். ஆனால் ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால், மண்டபத்தில் திடீரென்று சந்தேகம் வந்தாலும் நீங்களே சரியாக முடிவெடுக்கலாம். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விதிமுறை என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் பிஎஸ்எல்இ எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வையும், கேம்பிரிட்ஜுடன் சேர்ந்து நடத்தப்படும் தேசியத் தேர்வுகளையும் கவனிப்பது சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகம்.

சாதாரண நிலைத் தேர்வின் எழுத்துத் தாள் ஒன்றை எடுத்து அதன் முதல் பக்கத்தைப் பாருங்கள். கருநீல அல்லது கறுப்புப் பேனாவால் எழுதவேண்டும் என்று இருக்கும். படங்களுக்கும் வரைபடங்களுக்கும் எச்பி பென்சிலைப் பயன்படுத்தலாம் என்று இருக்கும். காகிதக் கவ்வி, பசை, திருத்தும் மை ஆகியவை கூடாது என்றும் இருக்கும்.

அதே பாடத்தின் தெரிவுவிடைத் தாளில் குறிப்பு மாறிவிடும். அங்கே மென்மையான பென்சிலைப் பயன்படுத்தச் சொல்வார்கள். எல்லை தாண்டி மலேசியாவில் எஸ்பிஎம் எழுதும் மாணவர்களும் தெரிவுவிடைத் தாளில் 2பி பென்சிலால்தான் விடையைக் கறுப்பாக்குகிறார்கள்.

அந்தக் குறிப்புகளின் சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பேனாவுக்கு "வேண்டும்". எச்பி பென்சிலுக்கு "லாம்". அதாவது, விடையைப் பேனாவில் எழுதுவது கட்டாயம். படத்தைப் பென்சிலில் வரைவது உங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு சலுகை. சலுகை படத்துக்கு மட்டும்தான். படத்தின் பக்கத்தில் எழுதும் விளக்கம், கணக்கின் விடை, அதற்கான அலகு எல்லாம் எழுத்து விடைதான். அவற்றுக்குப் பேனா.

பள்ளியே நடத்தும் தேர்வுகளில் ஆசிரியர் வேறு மாதிரி சொல்லக்கூடும். அந்தத் தாளுக்கு அவர் சொல்வதுதான் விதி.

எழுத்து விடைக்கு ஏன் பேனா?

முதல் காரணம், விடைத்தாள் ஒரு சான்று. நீங்கள் மண்டபத்தை விட்டு வெளியே வந்த பிறகு அது பல கைகளுக்குப் போகிறது. எண்ணுகிறார்கள், கட்டுகிறார்கள், அனுப்புகிறார்கள், திருத்துகிறார்கள், சரிபார்க்கிறார்கள். அவ்வளவு தூரம் போய் வந்தாலும், நீங்கள் எழுதியது எழுதியபடியே இருக்கவேண்டும். பென்சில் எழுத்தை யார் வேண்டுமானாலும் ஓர் அழிப்பானால் மாற்றிவிடலாம். மை அப்படி இல்லை. மாற்ற முயன்றால் தடம் தெரிந்துவிடும்.

இது உங்களைக் கட்டுப்படுத்துவதற்காக மட்டும் வைத்த விதி என்று நினைக்கவேண்டாம். உங்கள் விடைக்கும் இதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது காரணம், படிப்பதில் இருக்கும் சிரமம். விடைத்தாள்களை ஸ்கேன் செய்து, கணினித் திரையில் பார்த்துத் திருத்தும் முறை இப்போது உலகின் பல தேர்வு வாரியங்களில் வழக்கம். கேம்பிரிட்ஜும் அப்படிச் செய்கிறது. பென்சில் எழுத்து சாம்பல் நிறம். வெளிச்சம் பட்டால் பளபளக்கவும் செய்யும். நேரில் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் எழுத்து, ஸ்கேன் செய்த பிறகு மங்கலாகத் தெரியலாம். அழித்துவிட்டு மேலே எழுதிய இடம் இன்னும் மோசம். பழைய எழுத்தின் நிழலும் புதிய எழுத்தும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

கருநீலமும் கறுப்பும் மட்டும் ஏன் என்றும் இதிலிருந்தே புரியும். வெள்ளைத் தாளில் அவை இரண்டும்தான் நன்றாக எடுத்துக்காட்டும். வெளிர்நீலம், ஊதா போன்றவை ஸ்கேனில் வெளிறிப்போகும். சிவப்பு, பச்சை மைகளைத் திருத்துவோர் பயன்படுத்துவது வழக்கம் என்பதால் அவை குழப்பம் தரும்.

அப்போ பென்சில் எதுக்கு?

ஓஏஎஸ் தாளைப் படிப்பது மனிதர் இல்லை, இயந்திரம். அதற்கு உங்கள் கையெழுத்து அழகா இல்லையா என்ற கவலையே கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் கறுப்பு இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கும்.

அது வேலை செய்யும் விதம் எளிது. தாள்மீது ஒளி படும். வெள்ளை இடம் ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுத்த இடம் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். எந்தக் கட்டத்திலிருந்து ஒளி குறைவாகத் திரும்பி வருகிறதோ, அதுதான் உங்கள் விடை என்று இயந்திரம் பதிவு செய்துகொள்ளும்.

பேனாவாலும் கறுப்பாக்கலாமே என்று கேட்கலாம். பழைய இயந்திரங்கள் பல அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தின. பென்சிலில் இருக்கும் கிராஃபைட் ஒரு வகைக் கரி. அது அகச்சிவப்பு ஒளியை நன்றாக உறிஞ்சும். சாயத்தால் ஆன பல பேனா மைகள் அந்த ஒளியை அப்படியே கடந்துபோக விட்டுவிடும். நம் கண்ணுக்கு நீலமாகத் தெரியும் கட்டம், அந்த இயந்திரத்துக்கு வெறுமையாகத் தெரியும். படம்பிடித்துப் படிக்கும் புதிய இயந்திரங்கள் மையையும் படிக்கக்கூடும். ஆனாலும் இன்னொரு காரணம் அப்படியே இருக்கிறது: தெரிவுவிடையில் மனம் மாறினால், பழைய குறியைச் சுத்தமாக நீக்கவேண்டும். அடித்துவிட்டேன் என்று இயந்திரத்திடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரே வரியில் இரண்டு கட்டங்கள் கறுத்திருந்தால், இரண்டு விடை கொடுத்ததாகத்தான் அது எடுத்துக்கொள்ளும்.

இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. ரெனால்ட் ஜான்சன் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். தாள் திருத்தும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்க வழி தேடினார். கிராஃபைட்டில் மின்சாரம் பாயும் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பிடி. பென்சிலால் குறித்த இடத்தில் மின்சாரம் பாய்ந்தால், அங்கே விடை இருக்கிறது என்று பொருள். ஐபிஎம் நிறுவனம் 1934இல் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1938இல் ஐபிஎம் 805 எனும் தேர்வுத் திருத்தும் இயந்திரம் வெளிவந்தது. அதில் பேனாவுக்கு வேலையே இல்லை.

அதே ஜான்சன்தான் பிறகு 1956இல் வெளிவந்த உலகின் முதல் வன்தட்டுச் சேமிப்புக் கருவியை உருவாக்கிய குழுவுக்கும் தலைமை தாங்கினார். தாள் திருத்தும் சுமையைக் குறைக்க நினைத்த ஓர் ஆசிரியர் அவ்வளவு தூரம் போயிருக்கிறார்!

எச்பிக்கும் 2பிக்கும் என்ன வித்தியாசம்?

பென்சிலின் உள்ளே இருப்பது ஈயம் என்று சொல்வது வழக்கம். ஆனால் அதில் ஈயமே கிடையாது. கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் கலந்து சுட்டுச் செய்வது அது. பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா கோன்டே 1795இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

களிமண் கூடினால் முனை கடினமாகும், கோடு வெளிறும். கிராஃபைட் கூடினால் முனை மென்மையாகும், கோடு கறுக்கும். எச் என்பது கடினத்தைக் குறிக்கும். பி என்பது கருமையைக் குறிக்கும். எச்பி இரண்டுக்கும் நடுவில். 2பி அதைவிடக் கருமை.

அதனால்தான் வேலை பிரிந்திருக்கிறது. ஓஏஎஸ் கட்டத்தை நிரப்ப 2பி நல்லது. நாலைந்து இழுப்பிலேயே கட்டம் நன்றாகக் கறுத்துவிடும், அழித்தால் சுத்தமாகவும் போகும். வரைபடத்தில் புள்ளி வைக்க, வளைகோடு போட, ஒளிக்கதிர்ப் படம் வரைய எச்பி நல்லது. முனை சீக்கிரம் மழுங்காது, கோடு மெல்லியதாக இருக்கும், கை பட்டால் அவ்வளவாகத் தேயாது.

அமெரிக்கப் படங்களில் தேர்வு மண்டபக் காட்சி வந்தால் "நம்பர் 2 பென்சில்" என்பார்கள். அது 2பி இல்லை. ஏறக்குறைய நம் எச்பிதான். இணையத்தில் வாங்கும்போது குழம்பிவிடாதீர்கள்.

அழியும் பேனா பரவாயில்லையா?

பேனாவாகவும் இருக்கிறது, அழிக்கவும் முடிகிறது, இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் தேர்வுக்கு அது ஆகாது.

பைலட் நிறுவனத்தின் ஃப்ரிக்ஷன் போன்ற பேனாக்களில் மை உண்மையில் அழிவதில்லை. பின்பக்கத்தால் தேய்க்கும்போது உண்டாகும் சூடுதான் வேலை செய்கிறது. ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த மை நிறத்தை இழந்துவிடும். மை தாளிலேயே இருக்கும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் மூடிய கார், சூடாகும் நகல் இயந்திரம், பிளாஸ்டிக் உறை ஒட்டும் இயந்திரம் என்று எங்கு வேண்டுமானாலும் அந்தச் சூடு கிடைக்கும். பக்கம் முழுக்க எழுதிய விடை வெற்றுத் தாளாகிவிடலாம். மறுபக்கம், அதே தாளைச் சுழியத்துக்குக் கீழ் 10, 20 டிகிரி குளிரில் வைத்தால் மறைந்த எழுத்து திரும்பி வரும். நீங்கள் வேண்டாம் என்று அழித்த விடையும் சேர்ந்தே திரும்பும்.

சான்றிதழ் போன்ற ஆவணங்களில் இந்தப் பேனாவைப் பயன்படுத்தவேண்டாம் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். அனைத்துலகப் பள்ளிகளில் எழுதப்படும் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தாள்களின் முதல் பக்கத்தில், அழியும் பேனாவும் திருத்தும் மையும் கூடாது என்று வெளிப்படையாகவே அச்சிட்டிருக்கிறார்கள். குறிப்பெடுக்க வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுப் பைக்குள் போடாதீர்கள். பார்ப்பதற்குச் சாதாரணப் பேனா போலவே இருப்பதால், அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும்.

எந்தப் பேனா வாங்கலாம்?

பாதுகாப்பான தெரிவு பந்துமுனைப் பேனா. ஹங்கேரியைச் சேர்ந்த லாஸ்லோ பீரோ அதற்கு 1938இல் காப்புரிமை பெற்றார். அவர் ஒரு செய்தியாளர். அச்சகத்து மை சட்டென்று உலர்வதைப் பார்த்து, பேனாவிலும் அப்படி ஒரு மை இருந்தால் என்ன என்று யோசித்தவர். பந்துமுனைப் பேனாவின் மை எண்ணெய்ப் பசையுள்ளது. சட்டென்று உலரும், வியர்த்த கை பட்டாலும் அவ்வளவாகக் கரையாது, தாளின் மறுபக்கத்துக்கும் ஊறாது. ஒரு குறை உண்டு. கொஞ்சம் அழுத்தி எழுதவேண்டும். இரண்டு மணி நேரம் எழுதினால் விரல் வலிக்கலாம்.

ஜெல் பேனா வழுக்கிக்கொண்டு போகும், அழுத்தம் தேவையில்லை. ஆனால் அதன் மை நீர்ப்பசையுள்ளது. உலரச் சில விநாடி பிடிக்கும். அதற்குள் கை பட்டால் வரியே இழுபடும். சில தேர்வுகளில் ஜெல் பேனாவுக்கு அனுமதியில்லை. பந்துமுனை என்று குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் பந்துமுனையே எடுத்துச் செல்லுங்கள்.

மைப்பேனாவில் எழுதினால் கையெழுத்து அழகாகத் தெரியும். ஆனால் பல மைப்பேனா மைகள் ஒரு துளி தண்ணீர் பட்டாலே பரவிவிடும். மேசையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கும் நாளில் அந்த ஆபத்து எதற்கு?

இடக்கை எழுத்தாளர்களுக்கு ஒரு சொல். நீங்கள் எழுதிய வரியின் மேலேயே உங்கள் கை நகரும். அதனால் உலரும் வேகம் உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். சீக்கிரம் உலரும் பந்துமுனைப் பேனா நல்லது. தாளைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து, கை வரிக்குக் கீழே இருக்கும்படி எழுதிப் பழகுங்கள்.

தமிழ்த் தாளுக்குத் தனிக் கவனம்

ஆங்கிலத்துக்கு ஒத்துவரும் பேனா தமிழுக்கும் ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. தமிழில் சின்னச் சின்னக் குறிகள்தான் பொருளையே மாற்றுகின்றன.

"எடு" என்பதற்கும் "ஏடு" என்பதற்கும் இடையில் ஒரு சிறு கோடுதான் வித்தியாசம். "கெடு", "கேடு" இரண்டுக்கும் இடையில் ஒரு சுழி. "கல்" என்ற சொல்லில் புள்ளி விழவில்லை என்றால் "கல" ஆகிவிடும். பென்சிலில் எழுதிப் பக்கத்தில் இருப்பதை அழித்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். ஒற்றுப்பிழை என்று மதிப்பெண் போன பிறகு, "நான் புள்ளி வச்சேனே!" என்று வருந்திப் பயனில்லை.

முனை தடித்த பேனாவில் வேறு சிக்கல். ண, ன, ணை, னை போன்றவற்றின் சுழிகள் மையால் அடைந்துபோகும். மூன்று சுழியா, இரண்டு சுழியா என்று திருத்துபவர் ஊகிக்க வேண்டியிருக்கும். 0.5 அல்லது 0.7 மில்லிமீட்டர் முனை பெரும்பாலோர்க்குச் சரியாக இருக்கும். கட்டுரை ஒன்றை எழுதிப் பார்த்து, கையை நீட்டித் தாளைத் தள்ளி வைத்துப் படியுங்கள். சுழிகள் தெரிகின்றனவா? புள்ளிகள் எல்லாம் விழுந்திருக்கின்றனவா? ஆம் என்றால் அந்தப் பேனா உங்களுக்கு ஒத்துவரும்.

இரண்டாம் தாளில் கருவி மாறும் இடத்தையும் கவனியுங்கள். தெரிவுவிடைக் கருத்தறிதலின் விடையை ஓஏஎஸ் தாளில் குறிக்கச் சொல்லியிருந்தால் 2பி பென்சில். சுயவிடைக் கருத்தறிதலுக்கு வந்ததும் பேனா. ஒரே ஓட்டமாக எழுதிக்கொண்டு போகும்போது பென்சிலை மாற்ற மறப்பது எளிது. பகுதி மாறும்போது ஒரு முறை கையில் இருப்பதைப் பாருங்கள்.

கணக்குத் தாளில் அழிப்பதா, அடிப்பதா?

கணக்குக்குப் பென்சில்தான் வசதி என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு வந்தால் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்பது காரணம். அந்த வசதியில்தான் மதிப்பெண் நழுவுகிறது.

சாதாரண நிலைக் கணிதத் தாளின் முதல் பக்கத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கும்: தேவையான செய்முறையைக் காட்டாவிட்டால் மதிப்பெண் இழக்க நேரிடும். இறுதி விடை தவறாக இருந்தாலும் வழிமுறை சரியாக இருந்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு என்பது இதன் மறுபக்கம்.

ஒரு மாணவர் மூன்று வரி சரியாகப் போட்டுவிட்டு, நான்காவது வரியில் பெருக்கலில் தவறுகிறார் என்று வையுங்கள். விடை விநோதமாக வருகிறது. பென்சில் என்பதால் நான்கு வரியையும் அழித்துவிடுகிறார். புதிதாகத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிடுகிறது. சரியாக எழுதிய அந்த மூன்று வரியும் இப்போது தாளில் இல்லை. வெற்றிடத்துக்கு யாரும் மதிப்பெண் கொடுக்க முடியாது. பேனாவில் எழுதியிருந்தால் அவை அங்கேயே இருந்திருக்கும்.

தவறு வந்தால் என்ன செய்வது?

• தவறான பகுதியின் நடுவே ஒரே ஒரு நேர்க்கோடு போடுங்கள். கிறுக்கவேண்டாம்.
• சரியானதை அதற்கு மேலோ பக்கத்திலோ எழுதுங்கள். எழுத்தின் மேலேயே எழுத்தை எழுதாதீர்கள். 3ஐ 8ஆக மாற்றினால் அது எந்த எண் என்று யாருக்கும் தெரியாது.
• புதிய விடையை எழுதி முடித்த பிறகு பழையதை அடியுங்கள். நேரம் போதாமல் போனாலும் தாளில் ஏதோ ஒன்று இருக்கும்.
• இடம் போதாமல் வேறு பக்கத்தில் எழுதினால், அங்கே வினா எண்ணைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

அடித்தல் இருந்தால் மதிப்பெண் குறையுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. திருத்துபவர் தேடுவது விடையை. அடித்த இடம் தெளிவாக இருந்தால் அவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

பென்சிலை விட மனமில்லையே!

தொடக்கப்பள்ளியின் முதல் சில ஆண்டுகளில் எல்லாமே பென்சில்தான். மேல் வகுப்புகளில் பேனாவுக்கு மாறும்போது சிலருக்கு உண்மையிலேயே பதற்றம் வரும். "தப்பா எழுதிட்டா எப்படிம்மா அழிக்கிறது?" என்று கேட்கும் தம்பி தங்கைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

அது சோம்பலோ பிடிவாதமோ கிடையாது. பென்சிலில் எழுதும்போது தவறு செய்ததை யாரும் பார்க்க முடியாது. பேனாவில் அடித்தது தாளிலேயே நிற்கும். எல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். பேனாவில் எழுதச் சொன்னால் ஒவ்வொரு சொல்லுக்கும் தயங்குவார், நேரம் ஓடிவிடும்.

மாற்றத்தைத் தேர்வு நாளில் தொடங்கவேண்டாம். ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டுப்பாடத்தைப் பேனாவில் எழுதப் பழகலாம். அழிப்பானைப் பக்கத்தில் வைக்காமல், ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகப் பழகலாம். எழுதத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் யோசித்து, கட்டுரையின் கருத்துகளை ஓரிரு சொற்களில் குறித்துக்கொண்டால் அடித்தல் தானாகக் குறையும்.

பெற்றோர், அண்ணன், அக்காமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சித்தாளில் அடித்தல் இருந்தால் "என்ன இவ்வளவு கிறுக்கல்" என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் விடை சரியா என்று பாருங்கள். நேர்க்கோடு போட்டு அடித்திருந்தால், "சரியா செஞ்சிருக்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பேனா பிடிப்பதே கடினம், கை வலியால் எழுத முடியவில்லை, எழுத்து எவ்வளவு முயன்றாலும் தெளிவாக வரவில்லை என்றால் அது வேறு விஷயம். சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குத் தேசியத் தேர்வுகளில் கூடுதல் நேரம், கணினியில் தட்டச்சு செய்தல் போன்ற ஏற்பாடுகள் உண்டு. பள்ளி மூலமாகத்தான் விண்ணப்பிக்க முடியும், மருத்துவ அல்லது நிபுணர் அறிக்கையும் தேவைப்படும். தேர்வு நெருங்கும் வரை காத்திருக்காமல் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

ஓஏஎஸ் தாளில் எங்கே தவறுகிறோம்?

வரி தள்ளிப்போவதுதான் இங்கே பெரிய ஆபத்து. 12ஆம் கேள்வி தெரியவில்லை என்று விட்டுவிட்டு, 13ஆம் கேள்வியின் விடையை 12ஆம் வரியில் குறித்தால், அதன் பிறகு வருவதெல்லாம் ஒரு வரி மேலே ஏறிவிடும். இயந்திரம் அதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. ஐந்து கேள்விக்கு ஒரு முறை, வினா எண்ணும் வரி எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஓஏஎஸ் தாளை நிரப்பத் தனியாகக் கூடுதல் நேரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இயந்திரப் பென்சிலில் 0.5 மில்லிமீட்டர் முனை கட்டத்தை நிரப்ப நேரம் எடுக்கும், அழுத்தினால் உடைந்தும் போகும். மரப் பென்சிலை முந்தைய நாளே சீவி, முனையைக் கொஞ்சம் மழுக்கி வைத்துக்கொண்டால் கட்டம் வேகமாக நிரம்பும். மாற்ற வேண்டியிருந்தால் நல்ல அழிப்பானால் முழுவதும் அழியுங்கள். அழுக்கான அழிப்பான் கரியைத் தாள் முழுவதும் பூசிவிடும்.

பைக்குள் என்னென்ன இருக்கட்டும்?

• நீங்கள் வழக்கமாக எழுதும் அதே வகைக் கருநீல அல்லது கறுப்புப் பந்துமுனைப் பேனா மூன்று. எல்லாம் ஏற்கெனவே எழுதிப் பார்த்தவையாக இருக்கட்டும்.
• 2பி பென்சில் இரண்டு, சீவியது.
• எச்பி பென்சில் ஒன்று, கூர்மையாக.
• சுத்தமான அழிப்பான், சீவி, அளவுகோல்.
• திருத்தும் மை, திருத்தும் நாடா, அழியும் பேனா மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மண்டபத்தில் பேனா எழுதாமல் போனால் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்காதீர்கள். கையைத் தூக்கிக் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள். பேனாவில் எழுத வேண்டிய இடத்தில் பென்சிலால் எழுதிவிட்டதாகப் பாதியில் தெரிந்தாலும் அதையே செய்யுங்கள். உங்கள் விருப்பப்படி எல்லா எழுத்தின் மேலும் பேனாவால் வரைந்துகொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

தாள் மேசைக்கு வந்ததும் முதல் பக்கத்தை முழுமையாகப் படியுங்கள். பயிற்சித்தாளில் பார்த்த குறிப்புதானே என்று தாண்டிவிடவேண்டாம். அரை நிமிடம் போதும். பிறகு எதைக் கையில் எடுப்பது என்று யாரிடமும் கேட்கவேண்டியிருக்காது.